பேட்டரி மாத்தியாச்சு... ஆல்டர்னேட்டர் மாத்தியாச்சு... வண்டி மட்டும் கிளம்பலை!

‘டிராக்டர் வாங்கி 14 மாதம் ஆகிறது. இரண்டு நாள் நிறுத்திவைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. கம்பெனி ஷோரூமில் மூன்று முறை விட்டேன். ஒவ்வொரு முறையும் ‘சரியாயிடுச்சு’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். பத்து நாளில் மறுபடியும் அதே கதை. நான் என்ன செய்வது?’

நம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கேள்வி இது. மாவுப்பூச்சி, வாடல் நோய் என்று கேட்டிருந்தால் நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். இதற்கு நாலு வரி போதாது. தவிர, இதே தொல்லையை நானும் பட்டிருக்கிறேன். என்னுடையது டிராக்டர் இல்லை, கார். ஆனால், 12 வோல்ட் பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஒயரிங் என்று உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றுதான். ஷோரூம்காரர்கள் சொல்லும் சமாதானமும் ஒன்றுதான். அதனால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது ஐயப்பன்தாங்கல். வேலை, பூந்தமல்லி சுற்றுவட்டாரக் கிராமங்களில். நேமம், குத்தம்பாக்கம், திருமழிசை என்று வயல் வயலாகப் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் ஒரு நாளைக்கு ஒரு கிராமம்தான் பார்க்க முடியும் என்பதால், கடன் போட்டுச் சின்னதாக ஒரு கார் வாங்கினேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. முதல் மழைக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்திய வண்டி, திங்கட்கிழமை காலையில் ‘டிக்... டிக்...’ என்றது. கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டுக் கிளப்பினோம். அதற்குப் பிறகு வாரம் முழுவதும் ஒழுங்காக ஓடியது. அடுத்த திங்கட்கிழமை, மறுபடியும் ‘டிக்... டிக்...’

வாரன்டி இருக்கிறது. வெளியே கை வைத்தால் வாரன்டி போய்விடும் என்று ஷோரூமில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் அங்கேயே விட்டேன். முதல் முறை, பேட்டரியைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது முறை, ‘‘பேட்டரி வீக் மேடம்’’ என்று வாரன்டியில் புது பேட்டரி மாற்றினார்கள். மூன்றாவது முறை, ஆல்டர்னேட்டர். ‘‘தண்ணி போயிருக்கு, இது வாரன்டில வராது’’ என்று 11,400 ரூபாய் பில் போட்டார்கள். நான்காவது முறை, ‘‘நீங்க வெளியில ரிவர்ஸ் கேமரா மாட்டியிருக்கீங்க, அதனாலதான்’’ என்றார்கள். அந்தக் கேமராவை மாட்டியதே அவர்கள்தான். வண்டி வாங்கிய அன்று, அதே கட்டடத்தின் மாடியில் மாட்டி, வண்டி பில்லோடு சேர்த்துக் கொடுத்த ரசீதும் என்னிடம் இருந்தது. அதைக் காட்டியதும் பேச்சு மாறிவிட்டது. ஐந்தாவது முறை, வண்டியை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பத்தாவது நாள் போன் வந்தது. ‘‘கம்ப்ளெய்ன்ட்டே வரல மேடம். டெய்லி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். ஒரே செல்ஃப்ல எடுக்குது. வந்து எடுத்துக்கோங்க.’’

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. தினமும் ஸ்டார்ட் செய்து பார்த்தால் இந்தக் கோளாறு வரவே வராது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியைப் பூட்டிச் சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், லாக், கன்ட்ரோல் யூனிட் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள், அதாவது 0.05 ஆம்பியருக்குள் இருக்கும். எங்கேயோ ஒரு ஒயர் ஜாயின்ட்டில் ஈரம் இறங்கி, அணைய வேண்டிய ஒரு கருவி அணையாமல் இருந்தால் இதுவே அரை ஆம்பியராக ஏறிவிடும். அரை ஆம்பியர் என்பது ஒரு சின்ன பல்பு எரிகிற அளவுதான். ஆனால், 24 மணி நேரத்தில் 12 ஆம்பியர்-ஹவர் போய்விடும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து திங்கட்கிழமை காலை வரை 60 மணி நேரத்தில் 30 ஆம்பியர்-ஹவர். என் வண்டியில் இருந்தது 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. மிச்சம் இருப்பதை வைத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றவைக்க முடியாது. தினமும் ஓட்டினால், இரவில் போனதை ஆல்டர்னேட்டர் பகலில் நிரப்பிவிடும். குறை வெளியே தெரியாது.

நிரம்பாத பானையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல், பானைக்குப் பதில் பானை, குழாய்க்குப் பதில் குழாய் என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். என் தொழிலில் இதை நிறைய பார்த்திருக்கிறேன். நெல்லில் இலை மஞ்சளாகிறது என்று கடைக்குப் போவார்கள். கடைக்காரர் யூரியா போடச் சொல்வார். சரியாகாது. அடுத்து நுண்ணூட்டம். அதற்கும் சரியாகாவிட்டால் பூஞ்சணக்கொல்லி. மஞ்சள் பழைய இலையில் தொடங்கியதா, குருத்தில் தொடங்கியதா என்று ஒரு முறை கேட்டிருந்தால் போதும். பழைய இலையில் தொடங்கினால் தழைச்சத்துப் பக்கம் போகலாம். குருத்து வெளுத்தால் இரும்புச்சத்து அல்லது கந்தகத்தைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் வடியாமல் வேர் அழுகுகிறதா என்பது, ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மருந்து விற்பவருக்கு மருந்து விற்பதில் வருமானம். குத்தைப் பிடுங்கிப் பார்ப்பதில் வருமானம் இல்லை.

சர்வீஸ் சென்டரிலும் அப்படித்தான். வாரன்டியில் ஒரு பாகத்தை மாற்றினால், பழைய பாகத்தைக் காட்டிக் கம்பெனியிடம் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். மூன்று மணி நேரம் ஒயரைத் தேடியதற்குக் கணக்குக் காட்டுவது கடினம். லேப்டாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பார்கள். அது கன்ட்ரோல் யூனிட் பதிவு செய்துவைத்த பிழையைத்தான் சொல்லும். தரை விரிப்புக்கு அடியில் டேப் சுற்றிய ஜாயின்ட்டில் நடக்கும் கசிவை அது சொல்லாது. அதற்கு மீட்டர் வேண்டும், பொறுமை வேண்டும்.

சரி, எப்படித்தான் கண்டுபிடிப்பது? நம் ஊர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் பலருக்கும் தெரிந்த முறைதான். முதலில் மூன்று அளவுகள். வண்டி ஓர் இரவு நின்ற பிறகு பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கத்தில் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அடுத்து, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ, அதன் டெர்மினல் இணைப்பையோ, ஸ்டார்ட்டர் மோட்டாரையோ சந்தேகப்படலாம். மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். என் வண்டியில் மூன்றாவது அளவு 14.2 இருந்தது. அதாவது, 11,400 ரூபாய்க்கு மாற்றினார்களே, அந்தப் பழைய ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டுதான் இருந்தது. இந்த அளவை நானே எழுதி வைத்திருந்தேன். வீட்டில் மோட்டார் ரிப்பேருக்காக வாங்கிய மல்டிமீட்டர் அது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் நின்ற வண்டி கிளம்பவில்லை என்றால், கசிவைத் தேட வேண்டும். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, அரை மணி நேரம் விட வேண்டும். கன்ட்ரோல் யூனிட்டுகள் தூங்கப் போவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கலாம். பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்து இணைக்க வேண்டும். கேபிளைக் கழற்றி மாட்டினால் யூனிட்டுகள் விழித்துக்கொள்ளும் என்பதால் மறுபடியும் அவை அடங்கும்வரை காத்திருப்பது நல்லது. இந்த நிலையில் தப்பித் தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் புகைந்துவிடும். டி.சி கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் கேபிளைக் கழற்றாமலேயே பார்க்கலாம். 0.05-க்கு மேல் கணிசமாகக் காட்டினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எந்த ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சடாரென்று இறங்குகிறதோ, அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான். எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் இறங்கவில்லை என்றால், ஆல்டர்னேட்டரின் பெரிய கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் டயோடு பழுதானால் அதன் வழியாகவும் மின்சாரம் போகும்.

டிராக்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேற்று உழவு முடித்து, பம்ப் வைத்து அழுத்தமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம். கனெக்டர்களுக்குள் தண்ணீர் ஏறிப் பச்சைப் பூத்துவிடும். எர்த் கேபிள் சேஸியில் பிடிக்கும் இடத்தில் துரு ஏறினாலும் இதே ‘டிக்... டிக்...’ சத்தம்தான் வரும். பேட்டரி முழுதாக இருந்தும் செல்ஃப் எடுக்காது. செட்டில் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் எலி வேறு இருக்கும். ஒயரின் மேல் உறையைக் கடித்துவிட்டு, செம்பை மட்டும் மிச்சம் வைக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போனால், பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி, பேப்பர் விஷயம். இதை நான் மீட்டரைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

வண்டியை விடும்போது ஜாப் கார்டு போடுவார்கள். நாம் பத்து நிமிடம் கதை சொல்வோம். அவர்கள் ‘ஸ்டார்ட்டிங் பிராப்ளம்’ என்று இரண்டே வார்த்தை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ‘இரண்டு நாள் நின்றால் மட்டும் கிளம்பவில்லை, தினமும் ஓட்டினால் கிளம்புகிறது’ என்பதுதான் நோயின் அடையாளம். அது அந்த இரண்டு வார்த்தையில் காணாமல் போய்விடுகிறது. மெக்கானிக் கைக்குப் போவது அந்தக் காகிதம்தானே தவிர, நம் கதை இல்லை. முதல் இரண்டு ஜாப் கார்டுகள் அப்படித்தான் இருந்தன. மூன்றாவது முறையிலிருந்து, நான் சொல்வதை அப்படியே தமிழில் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நின்றேன். அந்தப் பையன் முகம் சுளித்தான், எழுதினான். பாவம், அவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு.

அதேபோல, வண்டியை எடுக்கும்போதும் ‘செக் செய்து சரி செய்யப்பட்டது’ என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. எந்த பாகத்தை மாற்றினார்கள், மாற்றுவதற்கு முன்னால் அளவு என்ன, மாற்றிய பிறகு என்ன என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காசு கொடுத்து மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாரன்டியில் மாற்றியதைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று தர மாட்டார்கள், அது நியாயம்தான். நாம் பில் கட்டியது நம்முடையது. டிராக்டராக இருந்தால், ஒவ்வொரு ஜாப் கார்டிலும் ஹவர் மீட்டர் அளவு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். டிராக்டர் வாரன்டி இத்தனை மாதம் அல்லது இத்தனை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதுவரை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். வாரன்டிக்குள் முதல் புகார் பதிவாகியிருந்தால், பிறகு ‘வாரன்டி முடிஞ்சுபோச்சு’ என்று கைகழுவுவது அவர்களுக்கு அத்தனை சுலபம் இல்லை.

நேமத்தில் கீரை போடும் விவசாயி ஒருவர். அவருடைய சின்ன லோடு வண்டிக்கும் இதே நோய்தான் வந்தது. இரவு கீரை பிடுங்கிக் கட்டு கட்டி, இரண்டு மணிக்குக் கோயம்பேட்டுக்குக் கிளம்ப வேண்டும். வண்டி கிளம்பவில்லை என்றால், விடிந்ததும் அது கீரை இல்லை, ஆட்டுத் தீனி. காரில் போகிற என்னைப் போன்றவர்களுக்கு இது எரிச்சல். அவருக்கு இது மாதத் தவணை. வண்டி ஷோரூமில் கிடந்த 17 நாளும் வாடகை வண்டிதான். ‘‘வாடகைக்கு ரசீது வெச்சிருக்கீங்களா?’’ என்று கேட்டேன். ‘‘தெரிஞ்ச பையன் வண்டிதான் மேடம், ரசீதெல்லாம் எப்படிக் கேக்கறது?’’ என்றார். ஆனால், பணத்தை போனில் அனுப்பியிருந்தார். அந்தப் பதிவே போதும் என்று எடுத்து வைக்கச் சொன்னேன். டிராக்டர் உழவுக்கு வெளியே வாடகைக்கு எடுக்க நேர்ந்தாலும் இப்படித்தான். வேளாண் பொறியியல் துறையின் ‘இ-வாடகை’ மூலம் எடுத்தால் ரசீது தானாகவே கிடைத்துவிடும். நஷ்டம் ஆனது என்று சொல்வது வேறு, இவ்வளவு ஆனது என்று காட்டுவது வேறு.

‘வியாபாரத்துக்கு வண்டி வைத்திருப்பவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதாமே?’ என்று அவர் கேட்டார். பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்கித்தான் வைக்கிறது. ஆனால், சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. சொந்தக் கீரையைச் சொந்த வண்டியில் ஓட்டிப் போகிறவரும், சொந்த நிலத்துக்கு டிராக்டர் வாங்கியவரும் இந்த விளக்கத்துக்குள் வருகிறார்கள். பத்து டிராக்டர் வாங்கி ஆள் போட்டு வாடகைக்கு ஓட்டுகிறவர் கதை வேறு.

கட்டிய விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வண்டியை வேறு மாவட்டத்தில் வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்னை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ‘இன்னும் ஒரு தடவை பார்க்கிறோம்’ என்று ஷோரூம்காரர்கள் இழுத்துக்கொண்டே போகும்போது, இந்த இரண்டு ஆண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எதைக் கேட்கலாம் என்பதிலும் நிதானம் வேண்டும். கோபத்தில் எல்லோரும் ‘புது வண்டி கொடு’ என்றுதான் கேட்போம். மாருதி நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வாரன்டியின்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் பொறுப்பு, முழு வண்டியையும் மாற்ற வேண்டியதில்லை என்றது. அதற்காக ஒரேயடியாகச் சோர்ந்துவிட வேண்டாம். விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு ஹூண்டாய் கார் வழக்கில், இழப்பீட்டோடு வண்டியையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை 2022 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எவ்வளவு வேகத்தில் மோதினால் ஏர்பேக் விரியும் என்று கணக்குப் போட, வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

என் கருத்தில், ஒயரிங் கோளாறுக்கு ‘உற்பத்திக் குறை’ என்று வாதாடுவதைவிட ‘சேவைக் குறைபாடு’ என்று போவது சுலபம். உற்பத்திக் குறை என்றால், தொழில்நுட்ப நிபுணர் அறிக்கை எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஒரே புகாருக்கு ஐந்து முறை வண்டியை எடுத்து, ஐந்து முறையும் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஐந்து ஜாப் கார்டுகளே பேசும்.

விதை வழக்குகளில் நம்மவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். முளைக்காத விதைக்காக ஆந்திர விவசாயிகள் வழக்குப் போட்டபோது, தேசிய விதைக் கழகம் ‘விதை மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி நிரூபிக்கவில்லையே’ என்று வாதாடியது. வாங்கிய விதையை எல்லாம் விதைத்துவிட்ட விவசாயி மாதிரிக்கு எங்கே போவார்? 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. விவசாயியும் நுகர்வோர்தான் என்றது. வயலைப் பார்த்துக் கொடுத்த அறிக்கைகளுக்கு அங்கே மதிப்பு இருந்தது. வயலில் அந்தந்த நேரத்தில் எழுதி வாங்கிய காகிதம் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் துறைக்காரர்கள் சொல்லும் உதாரணம் இதுதான்.

இன்னொரு விஷயம். புகாரை டீலர் மேல் மட்டும் போடாதீர்கள், கம்பெனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீலர் ‘பாகம் கம்பெனியுடையது’ என்பார். கம்பெனி ‘டீலர் தனி முதலாளி’ என்பார்கள். டாடா மோட்டார்ஸ் சம்பந்தப்பட்ட கோவா வழக்கு ஒன்றில், பழைய மாடல் காரை டீலர் விற்றதற்கு, அது தெரியாத கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கம்பெனிக்கும் விஷயம் தெரியும் என்று காட்ட வேண்டுமானால், இரண்டாவது முறை பழுதானபோதே கம்பெனிக்கு ஒரு கடிதமோ, மெயிலோ போயிருக்க வேண்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் புகார் சொல்லலாம், தமிழிலேயே பேசலாம். அது கோர்ட் இல்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். ஆனால், அங்கே சேரும் புகார்களுக்கு எடை உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் மீது 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை அந்த எண்ணில் 10,644 புகார்கள் சேர்ந்தன. அதன்பேரில் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவிகிதம் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. அதோடு விடாமல் மேற்கொண்டு விசாரணைக்கும் உத்தரவானது. ஒருவர் ஷோரூம் வாசலில் நின்று கத்தினால் இவ்வளவு நடக்காது.

‘வெளியே கை வைத்தால் வாரன்டி போய்விடும்’ என்கிற மிரட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசல் உதிரிபாகங்களையும், பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடு என்று நீண்டது தனிக்கதை. அமெரிக்காவில் விவசாயிகளே இதற்காகப் போராடுகிறார்கள். ஜான் டீர் டிராக்டரில் ஒரு சென்சார் போனால்கூட, டீலரின் மென்பொருள் இல்லாமல் முழுதாகச் சரிசெய்ய முடிவதில்லை என்பது அவர்கள் புகார். 2023-ல் கொலராடோ மாநிலம், விவசாயக் கருவிகளைத் தாமே பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அந்த நாட்டின் வணிக ஆணையம், ஜான் டீர் மீதே வழக்குத் தொடுத்தது. அங்கே பல மாநிலங்களில், இத்தனை முறை சரிசெய்தும் தீராத புது வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிக்கை வைத்தே சட்டம் இருக்கிறது. 1982-ல் கனெக்டிகட் மாநிலம் இதைத் தொடங்கிவைத்தது. அங்கே அந்தச் சட்டத்துக்கு ‘எலுமிச்சைச் சட்டம்’ என்று பெயராம். நாமாக இருந்தால் ‘சொத்தைக் கத்தரிக்காய்ச் சட்டம்’ என்று வைத்திருப்போம். நம் நாட்டில் அப்படி எண்ணிக்கை வைத்த சட்டம் இல்லை. மத்திய அரசு 2022 டிசம்பரில், ‘பழுது பார்க்கும் உரிமை’ என்ற பெயரில் ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவிகளும் அதில் ஒரு பிரிவு. அது வழிகாட்டும் தளம்தான், கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

என் வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஐந்து ஜாப் கார்டு, ஆல்டர்னேட்டர் பில், கேமரா ரசீது, நான் எழுதிவைத்த வோல்ட் அளவுகள் எல்லாவற்றையும் நகல் எடுத்து, இரண்டு பக்கக் கடிதத்தோடு டீலருக்கும் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். 15 நாளில் சரிசெய்யாவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன் என்று கடைசி வரி. பன்னிரண்டாம் நாள் கம்பெனியின் ஏரியா இன்ஜினீயர் வந்தார். இளைஞர். மூன்று நாள் வண்டியை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, கிளாம்ப் மீட்டர் மாட்டினார். 0.52 ஆம்பியர். ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டே வந்தார். ஒன்றைப் பிடுங்கியதும் 0.03. ரிவர்ஸ் கேமரா ஒயரைப் பின்கதவு வழியே இழுத்த இடத்தில் ரப்பர் சரியாக உட்காரவில்லை. மழைத்தண்ணீர் ஒயர் வழியாகவே இறங்கி, டேப் சுற்றிய ஜாயின்ட்டில் நின்றிருந்தது. எங்கள் ஊர் பெயரிலேயே தாங்கல் இருக்கிறது. தண்ணீர் தேங்க இடம் தேடுவதில் ஆச்சரியம் இல்லை. ஜாயின்ட்டை வெட்டி, புதிதாகச் சாலிடர் போட்டு, ரப்பரை மாற்றினார். நாற்பது நிமிடம்.

ஆல்டர்னேட்டர் பணம் ஆறு வாரம் கழித்துத் திரும்ப வந்தது. ஐந்து முறை அலைந்ததற்கு ஒன்றும் தரவில்லை. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட எழுதவில்லை. நேமத்துக் கீரைக்காரருக்கு வண்டி சரியாகிவிட்டது. எர்த் கேபிளில் துரு. 17 நாள் வாடகையைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை. ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறார்.

இனி, டிராக்டர் வாசகருக்கு. மூன்று ஜாப் கார்டுகளின் நகலும் உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், நாளைக்கே போய்க் கேட்டு வாங்குங்கள்; கம்ப்யூட்டரில் இருக்கும். நான்காவது முறை விடும்போது, ‘இரண்டு நாள் நிறுத்தினால் மட்டும் செல்ஃப் எடுப்பதில்லை. வண்டியை 48 மணி நேரம் ஸ்டார்ட் செய்யாமல் வைத்து, நின்ற நிலையில் எத்தனை ஆம்பியர் போகிறது என்று அளந்து எழுதித் தரவும்’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அன்றே கம்பெனிக்கும் கடிதம் போட்டுவிடுங்கள். முகவரி வாரன்டி புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும். உங்கள் 14 மாதத்தில் முதல் புகார் எந்தத் தேதி, அப்போது ஹவர் மீட்டர் எவ்வளவு என்பதையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, கடிதத்துக்கு ஒரு மாதிரி தயார் செய்து அடுத்த இதழின் கேள்வி-பதில் பகுதியில் தருகிறேன்.